எட்டால் வகுத்தால் போதுமா?

பைபர் இணைப்பு எடுத்தவுடன் எங்களுக்குக் கிடைக்கிற முதல் அறிவுரை, "பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கி எறியுங்கோ, அது இந்த வேகத்துக்குத் தாங்காது" என்பதுதான். கணக்குப் பார்க்காமல் சொல்லுற கதை இது.

இணைய வேகத்தைப் பிட்டில் சொல்லுவினம், கோப்பின் அளவைப் பைட்டில் சொல்லுவினம். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆகவே 100 மெகாபிட் பைபரில் வினாடிக்கு ஆகக்கூடியது 12.5 மெகாபைட்தான் வரும். பழைய அல்ட்ரா ஏடிஏ 133 வயரின் உச்சமோ 133 மெகாபைட். 100, 133 என்று பக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்டச் சமன் மாதிரித் தெரியும். உண்மையில் பத்து மடங்கு வித்தியாசம். டிஸ்க் அதில் பாதி வேகத்தில் ஓடினாலும் பைபரை முந்திவிடும்.

எட்டால் வகுக்கிறதும் எல்லா இடமும் சரிவராது. முதல் தலைமுறை சாட்டா 1.5 கிகாபிட். எட்டால் வகுத்தால் 187.5 மெகாபைட் வரும், ஆனால் கிடைப்பது 150. ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி அனுப்புவதால் பத்தால்தான் வகுக்கவேணும். ஒளியிழையில் ஓடுற கிகாபிட் ஈதர்நெட்டும் இதையேதான் செய்யுது: இழையில் 1.25 கிகாபிட் போகும், பெயரில் 1 கிகாபிட்தான். ஒருத்தர் சாக்கோட நிறுத்துச் சொல்லுறார், மற்றவர் சாக்கைக் கழிச்சுச் சொல்லுறார்!

எங்கட கோரிக்கை பெரிசில்லை. டிஸ்க் பெட்டியிலும் இணையப் பக்கேஜிலும் கழிவுபோக எத்தனை மெகாபைட் என்று எழுதுங்கோ. 1 கிகாபிட் பைபர் எடுத்து, அதன் 125 மெகாபைட்டை 60ஐத் தாண்டாத யூஎஸ்பி 2.0 டிஸ்க்கில் இறக்குகிறவைக்குப் புது டிஸ்க் தேவைதான். 100 மெகாபிட்காரர் ஏன் காசைக் கரைக்கவேணும்?