பந்தியில் முந்தியவர் யார்?

கல்யாணப் பட்டு எடுக்க ஊரெல்லாம் காஞ்சிபுரத்துக்கு வருகிறது. நாமோ மற்ற சாமான் வாங்க சென்னை தி.நகருக்கு ஓடுகிறோம். அங்கே ஜி.என். செட்டி சாலையில் உள்ள குருத்வாராவை எத்தனை பேர் கவனித்திருப்போம்? கவனித்தாலும், 'சர்தார்ஜிங்க கோயில், நமக்கென்ன' என்று நகர்ந்துவிடுவோம்.

1947-ல் நாடு பிரிந்தபின் வீடுவாசலை விட்டு வந்த பஞ்சாபிக் குடும்பங்கள் பல சென்னையில் தங்கின. அவர்கள் ஒன்றுகூடும் இடம் இது. ஆனால் தங்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளவில்லை. குருநானக்கின் 500-வது பிறந்த ஆண்டையொட்டி, 1971-ல் வேளச்சேரியில் குருநானக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அங்கே படிப்பது பெரும்பாலும் நம்ம பிள்ளைகள்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை தத்தளித்தபோது, இந்த குருத்வாராவில் சமைத்த சாப்பாடு பல பகுதிகளுக்குப் போனது.

'லங்கர்' என்ற பொதுப்பந்திதான் சீக்கியர்களின் பெருமை. தலையை மூடி, தரையில் வரிசையாக உட்காரவேண்டும். சாதி, மதம், பணம் எதுவும் கேட்கமாட்டார்கள். அக்பர் சக்கரவர்த்தியே ஜனங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று சொல்வார்கள். இந்தப் பந்தியை முன்னின்று நடத்தியவர் இரண்டாவது குருவின் மனைவி மாதா கீவி. அவர் பரிமாறிய நெய்ப்பாயசம் அவர்களின் புனித நூலிலேயே இடம்பெற்றிருக்கிறது. சமைத்துப்போட்ட ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

அன்னதானம் நமக்குப் புதுசில்லை. பஞ்சத்தில் வாடிய நம்ம காஞ்சியில் அமுதசுரபி ஏந்திப் பசி தீர்த்தவள் மணிமேகலை. 2002 முதல் கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டமும் நடக்கிறது.

ஆனாலும் நம்ம வீட்டு விசேஷத்தைப் பாருங்கள். முதல் பந்தி முக்கியஸ்தருக்கு. பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு எல்லாம் முடிந்தபின் மிச்சம் மீதி. தினப்படி வீட்டிலும் கடைசியாகச் சட்டியை வழிப்பது நாம்தானே? லங்கரில் ஆண்களும் ரொட்டி தேய்க்கிறார்கள், எச்சில் தட்டு கழுவுகிறார்கள். யாருக்கும் கௌரவம் குறைந்துவிடவில்லை.

கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டால் மட்டும் போதாது சகோதரிகளே. அடுத்த விசேஷத்தில் வேலை செய்பவர்களையும் நம்மோடு முதல் பந்தியில் உட்காரவைப்போம். வீட்டு ஆண்கள் கையில் சாம்பார் வாளியைக் கொடுப்போம். முடிந்ததும் பாத்திரத்தையும் கழுவட்டுமே!

- ஒரு நெசவாளர் வீட்டு வாசகி,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.