வாயிலும் அளவுகோலும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளிலே, நேற்றுவரை ஒன்றாயிருந்த வகுப்பு இரண்டாகப் பிரிவதை ஆண்டுதோறும் கண்ட ஆசிரியன் நான். ஆகையால், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து மக்கள் 2024 நவம்பரிலே அளித்த ஒரு தீர்ப்பு என் சிந்தையை விட்டகலவில்லை.

அந்நாட்டின் முதலாவது பொது உயர்தரப் பாடசாலை 1821 இல் அம்மாநிலத் தலைநகராகிய பொஸ்டனிலே தோன்றியது. இலத்தீன் கற்றுச் சர்வகலாசாலை புகும் நோக்கமில்லாத வணிகர், கைவினைஞர் ஆகியோரின் புதல்வருக்காகவே அது எழுந்தது. இன்றோ அந்நகரப் பாடசாலைகளில் ஹெயிற்றி, டொமினிக்கன் குடியரசு, வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து படிக்கின்றனர்.

இத்தகைய பலதிறப்பட்ட மாணாக்கருக்கு ஒரே அளவுகோல் வேண்டுமெனக் கருதி, 1993 இல் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. பத்தாம் வகுப்பிலே ஆங்கிலத்திலும் கணிதத்திலும் மாநிலப் பரீட்சை நடைபெறும். அவற்றில் தேறாதவர்க்குப் பாடசாலைத் தராதரப் பத்திரம் இல்லை. 2003 இல் வெளியேறிய மாணாக்கரே இந்நிபந்தனைக்கு முதலில் உட்பட்டோர். பின்னர் விஞ்ஞானமும் சேர்ந்தது. 2024 இல் நடந்த வாக்கெடுப்பிலே, வாக்களித்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேர் அந்நிபந்தனையை நீக்குமாறு கூறினர். பரீட்சை ஒழியவில்லை, அது வாயிலை அடைக்கும் அதிகாரமே ஒழிந்தது.

இது நீதியே என்பது என் கருத்து. மறுமுறை, மும்முறை எழுதியும் இறுதிவரை தேறாது நின்றோருள் பெரும்பாலார் ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்போரும், உடற்குறையோ கற்றற்குறையோ உடையோருமாவர். பதினாறு வயதிலே அந்நிய மண்ணில் இறங்கிய பிள்ளை ஆங்கிலக் கட்டுரையில் இடறினால், அவன் நான்காண்டு உழைப்பு முழுவதும் வீணென்று கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

எனினும் மறுதரப்பாரின் அச்சத்தை நான் எள்ளமாட்டேன். அளவுகோலை எறிந்துவிட்டால், வறிய ஊர்ப் பாடசாலை வெறுங்கடதாசியைப் பத்திரமென்று நீட்டாதா என்று அவர்கள் வினவினர். வினா நியாயமானதே. ஆங்கிலமும் கணிதமும் நான்காண்டு, விஞ்ஞானமும் சரித்திரமும் மூன்றாண்டு, பிறமொழி ஈராண்டு, கலை ஓராண்டு என நல்லதொரு பாடத்திட்டத்தை அம்மாநிலம் முன்னரே வகுத்திருந்தது. ஆனால் மக்கள் தீர்ப்பளித்த வேளையிலும் அது பரிந்துரையாகவே இருந்தது, கட்டாயமாகவில்லை. பிள்ளையின் கடமை சட்டமாயிற்று. பாடசாலையின் கடமை ஆலோசனையாய் நின்றது! பிழை இங்கேதான் என்பேன்.

நமக்கும் இதிலே பாடமுண்டு. கணித ஆசிரியர் பல தவணை இல்லாதிருந்த பாடசாலையின் பிள்ளையும், எல்லா வசதியும் பெற்ற நகரக் கல்லூரிப் பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கே விடை எழுதுகின்றனர். பெறுபேறு வந்ததும் பிள்ளையையே நாம் கேள்வி கேட்கிறோம். தேறுவதற்கு நிபந்தனை விதிப்போர், கற்பிப்பதற்கும் நிபந்தனை விதித்துக்கொள்ளல் வேண்டும். இன்ன பாடத்தை இத்தனை ஆண்டு தகுந்த ஆசிரியரைக் கொண்டு கற்பித்தோம் என்று ஒவ்வொரு பாடசாலையும் முதலிற் சான்று காட்டட்டும். அதன் பின்னர் பிள்ளையிடம் சான்று கேட்போம். கற்பிக்காததைக் கேட்பது பரீட்சையன்று, தண்டனை.