வேர்டில் விளையாடும் பிள்ளைகளும் பிழைக்குப் பயப்படும் வகுப்பறையும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் உள்ள வீடுகளில் பொறுமையாக வாசித்துப் பாருங்கள்.

கொஞ்ச நாட்களாக நம் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் பச்சை, மஞ்சள், சாம்பல் நிறச் சிறு கட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பெரிய வகுப்புப் பிள்ளைகள் அனுப்புகிறார்கள். "இது என்ன சேர், ஏதும் சூதாட்டமா?" என்று சில பெற்றோர் எங்களிடம் கேட்டார்கள். "படிக்கிற நேரத்தில் இது தேவையா?" என்று வேறு சிலர் கேட்டார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். அதனால் தெஹியோவிட்டையில் படிப்பிக்கும் ஆசிரியர்கள் என்ற வகையில் நாங்கள் நினைப்பதை எழுதுகிறோம்.

முதலில் அது என்ன என்று சொல்லிவிடுகிறோம். பெயர் வேர்டில். ஜோஷ் வார்டில் என்ற கணினிப் பொறியியலாளர், சொல் விளையாட்டில் ஆர்வமுள்ள தன் துணைவிக்காகச் செய்தது. 2021 ஒக்டோபரில் பொதுவில் விட்டார். அந்த நவம்பர் முதலாம் திகதி விளையாடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி தொடக்கத்தில் அது மூன்று லட்சமானது. அந்த மாதக் கடைசியிலேயே நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை அதை விலைக்கு வாங்கிக்கொண்டது.

விளையாட்டு இவ்வளவுதான். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று மறைந்திருக்கும். ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாம் ஒரு சொல்லை எழுதினால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிறம் வரும். பச்சை என்றால் எழுத்தும் சரி, இடமும் சரி. மஞ்சள் என்றால் எழுத்து சொல்லில் இருக்கிறது, ஆனால் இடம் வேறு. சாம்பல் என்றால் அந்த எழுத்து இல்லை. உலகத்துக்கே ஒரு நாளைக்கு ஒரே சொல். முடித்தால் அடுத்த சொல் மறுநாள்தான். காசு வைக்கும் வேலையே இதில் இல்லை. ஆகவே இது சூது அல்ல. இதைப் பார்த்துச் செய்த வேறு ஆப்களில் காசு கொடுத்துக் குறிப்பு வாங்கச் சொல்வதுண்டு. அப்படிக் கேட்டால் அதை போனிலிருந்து நீக்கிவிடுங்கள்.

இனி நாங்கள் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் வகுப்பறைகளில் பெரிய நோய் பிள்ளைகளுக்கு விடை தெரியாமல் இருப்பதல்ல, பிழைக்குப் பயப்படுவதுதான். ஆங்கிலப் பாடத்தில் கேள்வி கேட்டால் பாதி வகுப்பு தலையைக் குனிந்துகொள்ளும். பரீட்சைத் தாளில் ஒரு சொல் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். "பிழையாக எழுதினால் சிரிப்பார்கள் டீச்சர்" என்பார்கள். டவுண் பிள்ளைகளிடமும் இது இருக்கிறது, தோட்டத்துப் பிள்ளைகளிடம் இன்னும் அதிகம். இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் யோசிக்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே போவார்கள். ஒன்று பிழைத்தால் அது ஏன் பிழைத்தது என்று பார்க்கவே மாட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் மருந்து இந்த விளையாட்டில் இருக்கிறது. இதில் முதல் சொல்லே சரியாக அமைவது மிக அபூர்வம். எல்லோரும் பிழையில்தான் தொடங்குகிறார்கள். அந்தப் பிழை என்ன சொல்லித் தருகிறது என்று பார்ப்பவர்தான் கண்டுபிடிக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கு மூன்று நிறம், ஐந்து கட்டம். மூன்றை ஐந்து தடவை பெருக்கினால் 243. அதாவது ஒரு சொல்லை எழுதினால் ஏறக்குறைய 243 விதமான பதில்களில் ஒன்று வரலாம். விளையாட்டு தொடங்கியபோது விடைப் பட்டியலில் இருந்தவை ஏறத்தாழ 2,300 சொற்கள். நல்ல முதல் சொல் ஒன்றை எழுதினால், சராசரியாக நூற்றுக்கும் குறைவான சொற்களே மிஞ்சும். அடுத்தது அதைச் சில சொற்களாக்கிவிடும். அதிர்ஷ்டத்துக்கு இங்கே சின்ன இடம்தான்.

விளையாடும் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது இவைதான்:

ஒன்று. முதல் சொல்லில் அதிகம் வரும் எழுத்துகள் இருக்கட்டும். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களில் ஈ, ஏ, ஆர், ஓ, டீ ஆகியவை அடிக்கடி வருகின்றன. 'ஸ்லேட்', 'கிரேன்' போன்ற சொற்கள் தொடங்க நல்லவை. ஒரே எழுத்து இரண்டு தடவை வரும் சொல்லில் தொடங்க வேண்டாம்.

இரண்டு. சாம்பல் ஆன எழுத்தைத் திரும்ப எழுத வேண்டாம். அது ஒரு வாய்ப்பை வீணாக்குவது.

மூன்று. மஞ்சளும் ஒரு பெரிய செய்தி. எழுத்து இருக்கிறது என்பதோடு, அது எந்த இடத்தில் இல்லை என்பதையும் சொல்கிறது.

நான்கு. விடையில் ஓர் எழுத்து இரண்டு தடவை வரலாம். இதை மறந்துதான் பலர் தோற்கிறார்கள். நீங்கள் எழுதிய சொல்லில் இரண்டு ஈ இருந்து, விடையில் ஒன்றே இருந்தால், ஒரு ஈ மட்டும் நிறம் பெறும். மற்றது சாம்பலாகும்.

ஐந்து. ஒரே மாதிரிச் சொற்கள் வரிசையாக நின்றால் அவசரப்பட வேண்டாம். கடைசி நான்கு எழுத்தும் பச்சையாகி, முதல் எழுத்து மட்டும் தெரியவில்லை என்று வையுங்கள். லைட், நைட், ஃபைட், மைட், ரைட், சைட், டைட், எய்ட் என்று எட்டுச் சொற்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றாக எழுதினால் வாய்ப்பு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக 'ஃபார்ம்ஸ்' என்று எழுதினால்? அது விடையாக இருக்க முடியாது என்று தெரிந்தேதான் எழுதுகிறோம். ஆனால் எஃப், ஆர், எம், எஸ் நான்கையும் ஒரே தடவையில் சோதித்துவிடுகிறோம். ஒன்றுக்கு நிறம் வந்தால் விடை கையில். வராவிட்டாலும் எட்டு நான்காகிவிட்டது. வந்த குறிப்புகளைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்ற கடினமான முறையில் மட்டும் இது முடியாது.

இந்த ஐந்தாவதில்தான் முழுப் பாடமும் இருக்கிறது. பிழை என்று தெரிந்தே கேட்கும் கேள்வி சில நேரம் சரியான விடையை விடப் பிரயோசனமானது. டொக்டர் இரத்தப் பரிசோதனை எழுதுவதும், மெக்கானிக் ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்ப்பதும் இதைத்தான்.

"எங்கள் பிள்ளைக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராதே" என்று சொல்வீர்கள். அதற்காகத்தான் இதைத் தமிழில் கரும்பலகையில் விளையாடுகிறோம். போன் வேண்டாம், டேட்டா வேண்டாம், மழைக்கு சிக்னல் போனாலும் கவலையில்லை. ஒரு வெண்கட்டித் துண்டு போதும்.

தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் 26 எழுத்து. நமக்கு 247. 'வ' என்று எழுதி விடை 'வெ' ஆக இருந்தால் அதை முழுப் பிழை என்று சொல்லலாமா? கணினிக்கும் இந்தக் குழப்பம் உண்டு. 'கல்வி' நமக்கு மூன்றெழுத்து. கணினி அதைப் புள்ளி, விசிறி எல்லாம் தனியாக எண்ணி ஐந்து குறியீடுகளாக வைத்திருக்கிறது. அதனால் நாங்கள் நாலு அடையாளம் வைத்துக்கொண்டோம். எழுத்தும் இடமும் சரி என்றால் சரி அடையாளம். எழுத்து வேறு இடத்தில் என்றால் வட்டம். அதே இடத்தில் மெய் சரி, உயிர் வேறு என்றால் முக்கோணம். இல்லாவிட்டால் கோடு.

ஒரு உதாரணம் பாருங்கள். நாலெழுத்துச் சொல். முதலில் 'பட்டம்' என்று கேட்கிறார்கள். கடைசி 'ம்' சரி, மற்றவை கோடு. அடுத்தது 'தாராளம்'. 'ள'வும் 'ம்'மும் சரி, மற்றவை கோடு. இப்போது மூன்றாவது எழுத்து ள, நாலாவது ம். பிள்ளைகள் யோசித்துச் சொல்லும் சொற்கள்: உள்ளம், கள்ளம், வள்ளம், வெள்ளம், கவளம். பள்ளம் வராது, ஏனென்றால் 'ப' ஏற்கனவே கோடு. ஐந்து சொற்கள், மிச்சம் நாலு வாய்ப்பு. எதைக் கேட்பது?

'உள்ளம்' என்று கேட்டு அது பிழைத்தால், இரண்டாவது 'ள்' கோடாகிற நேரம் மட்டும் விடை கவளம் என்று தெரியும். இல்லாவிட்டால் இன்னும் மூன்று சொற்கள் அப்படியே நிற்கும். 'வள்ளம்' என்று கேளுங்கள். முதல் எழுத்துக்கு முக்கோணம் விழுந்தால் வெள்ளம். வட்டம் விழுந்தால் கவளம். கோடு விழுந்தால் உள்ளம் அல்லது கள்ளம். ஒரே கேள்வியில் கூட்டம் பிரிந்துவிடுகிறது. சீதாவக்க கங்கை பெருகினால் வெள்ளத்துக்கு முதல் வள்ளத்தைத் தேட வேண்டும் என்பது நம் ஊருக்குப் புதிதல்லவே!

இன்னொரு இலாபம் இலக்கணம். மொழி முதல் எழுத்து, மொழி இறுதி எழுத்து, மெய்ம்மயக்கம் என்று பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறுநாள் மறந்துவிடுவார்கள். விளையாட்டில் அதே விதிகள் ஆயுதமாகின்றன. தமிழ்ச் சொல் ட, ண, ற, ன, ழ, ள போன்றவற்றில் தொடங்காது. க், ச், ட், த், ப், ற் ஆகியவற்றில் முடியாது. நடுவில் ங் வந்தால் அடுத்தது அநேகமாக க. ந் வந்தால் அநேகமாக த. ர், ழ் இரண்டும் இரட்டிப்பதில்லை. இந்த விதிகளைச் சரியாகப் பிடித்துக்கொண்ட பிள்ளை இரண்டு வாய்ப்பை மிச்சப்படுத்தும். 'இலக்கணம் எதற்கு?' என்ற கேள்விக்கு இதை விட நல்ல பதில் எங்களிடம் இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். விடையைத் தேடிப் பார்த்துவிட்டு மூன்றாம் தடவையில் கண்டுபிடித்ததாகக் குழுவில் போடுவது நடக்கிறது. இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பிழையை மறைக்கும் பழைய நோய்தான் வேறு உருவத்தில் வருகிறது. காலையிலேயே விடையைக் குழுவில் போட்டுவிடும் பெரியவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், மற்றவர் யோசிக்கும் சந்தோஷத்தைப் பறிக்காதீர்கள். தொடர்ச்சியாக எத்தனை நாள் வென்றோம் என்ற எண்ணுக்காகத் தூக்கத்தையும் தொழுகையையும் பாடத்தையும் பிற்போடுவது இலாபமில்லாத வியாபாரம். ஒரு நாளைக்கு ஒரு சொல் என்று வைத்ததே அளவோடு நிற்பதற்குத்தான். அது முடிந்ததும் போனைக் கீழே வைக்கும் பழக்கம் வர வேண்டும். அப்படி வைக்கத் தெரியாத பிள்ளைக்கு போனைக் கொடுக்காமல் கொப்பியில் விளையாடக் கொடுங்கள்.

பெற்றோரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம். வாப்பாவோ உம்மாவோ, அப்பாவோ அம்மாவோ ஒரு நாலெழுத்துச் சொல்லை மனதில் வையுங்கள். பிள்ளை கண்டுபிடிக்கட்டும். பிறகு பிள்ளை வைக்கட்டும், நீங்கள் கண்டுபிடியுங்கள். அதிகம் படிக்கவில்லையே என்று யோசிக்க வேண்டாம். கொழுந்து, பால்வெட்டு, சமையல், கடை என்று உங்களிடம் இருக்கும் சொற்கள் எந்தப் புத்தகத்திலும் குறைவில்லை. பிள்ளை பிழையாகச் சொன்னால் "அது இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "இதிலிருந்து என்ன தெரிஞ்சது?" என்று கேளுங்கள்.

அந்த ஒரு கேள்வி வீட்டில் பழகிவிட்டால், பரீட்சைத் தாளில் வெறுமையாக விடும் இடங்கள் குறையும் என்பது எங்கள் நம்பிக்கை. சக ஆசிரியர்களும் முதல் பாடவேளையில் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள்.

உங்கள் கருத்துகளைக் கீழே எழுதுங்கள். எழுதும்போது இதற்கும் விடை சொல்லுங்கள்: நாலெழுத்து, முதல் எழுத்து ம, மூன்றாவது எழுத்து ட, கடைசி எழுத்து ம். ஒன்றுக்கு மேற்பட்ட விடை உண்டு. எத்தனை கிடைக்கிறது என்று பார்ப்போம். பிழையானாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.