கையுறை எங்கே?

2025-இல் ரீல்ஸ் புண்ணியத்தில் கூமாப்பட்டிக்கு வந்த பேரைச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்திலுள்ள பிளவக்கல் அணையைப் பற்றியும் பேசியாயிற்று. இந்தப் பக்கத்துப் பியூட்டி பார்லர்களில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம். த்ரெடிங் செய்யும் பெண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? நூலின் ஒரு முனை பல்லிடுக்கில், கழுத்து முன்னால் வளைந்தபடி. முகூர்த்த நாளென்றால் காலையிலிருந்து அதே வளைவுதான். தலைச்சாயம் இன்னும் மோசம். பல சாயங்களிலுள்ள பாராபினைலின்டயமின் என்ற ரசாயனம் ஒத்துக்கொள்ளுமா என்று வாடிக்கையாளருக்குக் காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கச் சொல்கிறது அட்டைப்பெட்டி. நாள் முழுக்க அதில் ஊறும் கைக்கு யார் சோதனை செய்கிறார்கள்? முடியை நேராக்கும் சில கிரீம்களைச் சூடான ஸ்ட்ரெய்ட்னரால் இழுக்கும்போது ஃபார்மால்டிஹைடு கிளம்புகிறது. மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருட்களின் பட்டியலில் அதை வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. நாமோ ஏ.சி. வீணாகுமென்று கதவைச் சாத்துகிறோம். ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட என்ன பெரிய செலவு? நின்றபடியே வேலை பார்ப்பதும் ஒரு பாடுதான். வேலையாட்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழக அரசு 2021-இலேயே திருத்திவிட்டது. துணிக்கடைப் பெண்களின் கால்வலியால் வந்த திருத்தம்தான், ஆனால் துணிக்கடைக்கு மட்டும் எழுதியதல்ல. பார்லர் முதலாளிகள் பலரும் தாங்களே நின்று வேலை செய்கிறவர்கள். அவர்களைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. மணப்பெண் அலங்காரத்துக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கும் நாம், "கையுறை போட்டுக்கோம்மா, நான் காத்திருக்கேன்" என்று சொல்லலாமே.