இசையை இழந்த இளவரசன்



சென்ற திங்கள் முடிச்சூரில் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்த இல்லங்களுள் அதுவும் ஒன்று. கீழ்த்தளத்தில் இருந்த கணிப்பொறி அன்று சேற்றோடு போயிற்று. மாடிப் பரணில் இருந்த ஒரு தகரப் பெட்டி மட்டும் நனையாமல் தப்பியது. அப்பெட்டிக்குள் ஒரு ஃபிளாப்பித் தட்டு; அதன் மேல் நீல மையில் ‘பிரின்ஸ்’ என்று எழுதியிருந்தது.

எழுதியவர் அவ்வீட்டின் இளைய மகன். அவர் இன்று உயிரோடில்லை. 1990களில் அண்ணனும் தம்பியும் பள்ளி விட்டு வந்ததும் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ என்னும் ஆட்டத்தில் மூழ்கிவிடுவார்களாம். சிறையிலிருந்து தப்பி, 60 நிமிடங்களுக்குள் இளவரசியை மீட்க வேண்டும் என்பதே ஆட்டம். “ஒருநாள் இரவு, ‘அம்மா, முடித்துவிட்டேன்!’ என்று கத்தி, தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பிவிட்டான், ஃபாதர்” என்றார் அத்தாய். கல்லூரிக்குப் புறப்படுமுன் அவ்வாட்டத்தை அவரே தட்டில் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்.

மூத்தவரின் மகன் எட்டாம் வகுப்பு மாணவன். ரிச்சி தெருவில் ஒரு ஃபிளாப்பி டிரைவ் வாங்கி வந்து, தட்டில் இருந்தவற்றைப் புதிய கணிப்பொறிக்கு மாற்றினான். ஆட்டம் தொடங்க மறுத்தது. நண்பன் சொற்படி ‘டாஸ்பாக்ஸ்’ என்ற மென்பொருளை நிறுவி, அதன் அமைப்புகளில் பத்து வரிகளை ஒரே மூச்சில் மாற்றினான். படம் வந்தது. ஆனால் இளவரசன் குட்டையாகவும் பருமனாகவும் தோன்றினான். இசைக்குப் பதில் கீச்சொலி மட்டுமே கேட்டது. “இது அந்த ஆட்டந்தானா? பாட்டு வருமே!” என்றார் பாட்டி. “தட்டு கெட்டுவிட்டது, பாட்டி. இதை அழித்துவிட்டு இணையத்திலிருந்து புதிதாக ஒன்று இறக்குகிறேன்” என்றான் சிறுவன்.

“சற்றுப் பொறு தம்பி” என்றேன். எனக்குக் கணிப்பொறியில் பெரும் புலமை இல்லை. எனினும் டாஸ் காலத்தில் அலுவலகக் கடிதங்களைத் தட்டெழுதிய பழக்கம் உண்டு. கெட்டுப்போன ஆட்டம் படத்தையே காட்டியிராது என்பது எனக்குத் தோன்றியது.

உண்மை யாதெனில், ஆட்டம் மாறவில்லை. அதைச் சுற்றியிருந்த உலகந்தான் மாறிவிட்டது. அது 16 பிட் கணிப்பொறிக்காக எழுதப்பட்டது. இன்றைய 64 பிட் விண்டோஸ் அத்தகைய நிரல்களை ஏற்பதில்லை. 2002இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ், புதிய கணிப்பொறிக்குள்ளேயே ஒரு பழைய கணிப்பொறியைப் பாவனையாக அமைத்துத் தருகிறது. ஆகவே நாம் திருத்த வேண்டியது ஆட்டத்தை அன்று. அது குடியிருக்கும் அந்தப் பாவனை வீட்டையே.

முதலில் ஒலியைப் பார்ப்போம். அந்நாளில் ஆட்டங்கள் ஒலி அட்டையோடு நேரடியாகப் பேசின. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் கொணர்ந்த ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டையே பலருக்கும் அளவுகோல் ஆயிற்று. அட்டை இல்லையெனில், பெட்டிக்குள் இருக்கும் சிறு ஒலிபெருக்கியின் கீச்சொலியே மிஞ்சும். நம் சிறுவன் மாற்றிய பத்து வரிகளுள் ஒன்று, ‘ஒலி அட்டை இல்லை’ என்று பொருள்படும் வரி! அதை ‘எஸ்பி16’ என்று மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது.

வேறு சில ஆட்டங்களில் இன்னொரு படியும் உண்டு. அவற்றின் கோப்புறையில் ‘செட்டப்’ அல்லது ‘செட்சவுண்ட்’ என்ற சிறு நிரல் இருக்கும். அது அட்டையின் முகவரி, ஐஆர்க்யூ, டிஎம்ஏ ஆகிய எண்களைக் கேட்கும். டாஸ்பாக்ஸில் இயல்பாக இருப்பவை 220, 7, 1. பல ஆட்டங்களில் 7க்குப் பதில் 5 என்று குறித்திருப்பார்கள். இரண்டும் ஒத்திராவிட்டால் ஒலி எழாது. ஒலி விட்டுவிட்டோ கரகரவென்றோ வந்தால் வேகத்தைப் பாருங்கள்: கண்ட்ரோல் விசையுடன் எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும்.

அடுத்து, படம். அக்கால ஆட்டங்கள் பல 320க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டவை. ஆனால் அன்றைய திரையின் அகல உயர விகிதம் 4க்கு 3. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் சற்றே நெடிதாகத் தோன்றும். ஓவியர் அதைக் கணக்கிட்டே வரைந்தார். இன்றைய அகன்ற திரையில் அதே படம் பக்கவாட்டில் இழுபடுகிறது. டாஸ்பாக்ஸின் அமைப்பில் ‘ஆஸ்பெக்ட்’ என்ற வரியை ‘ட்ரூ’ ஆக்கினால் இளவரசன் தன் உயரத்தைத் திரும்பப் பெறுவான்.

விண்டோஸ் காலத்து ஆட்டங்களுக்கு டாஸ்பாக்ஸ் வேண்டியதில்லை. அவற்றின் நோய் வேறு. புல் சிவப்பாகவும் நீர் ஊதாவாகவும் தெரிந்தால், 256 வண்ணங்களை மட்டுமே அறிந்த ஆட்டம் என்று கொள்ளலாம். அதன் ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் உள்ள ‘கம்பேட்டிபிலிட்டி’ பக்கத்தில் குறைந்த வண்ண முறையைத் தேர்ந்து பாருங்கள். ஆட்டம் நடந்தும் பின்னணி இசை இல்லையெனில், அவ்விசை குறுந்தகட்டில் பாட்டுத் தடங்களாகவே இருந்திருக்கக்கூடும். கோப்புகளை மட்டும் பிரதி எடுத்தால் அது வாராது.

எதைத் தொடுமுன்னும் மூன்று செயல்கள் தேவை. தட்டின் மூலையில் உள்ள சிறு தாழைத் தள்ளித் துளையைத் திறந்து வையுங்கள். அப்போது அதில் எதுவும் தவறி எழுதப்படாது. அனைத்தையும் ஒரு பிரதி எடுத்து, அப்பிரதியிலேயே வேலை செய்யுங்கள். ஒரு முறைக்கு ஒரு வரியை மட்டும் மாற்றி, அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பூஞ்சணம் பிடித்த தட்டை மட்டும் துடைக்காமல் டிரைவில் செருகாதீர்கள். அது கருவியையும் கெடுத்துவிடும்.

இவ்வாட்டத்தை 1989இல் ஆப்பிள் கணிப்பொறிக்காகப் படைத்தவர் ஜோர்டன் மெக்னர். தம்பி டேவிட்டை ஓடவும் குதிக்கவும் சொல்லிப் படம்பிடித்து, அந்த அசைவுகளையே இளவரசனுக்குக் கொடுத்தார். இசை அமைத்தவர் தந்தை ஃபிரான்சிஸ். காணாமற்போனதாக மெக்னர் கருதிய மூல நிரலின் தட்டுகளைப் பழைய பெட்டி ஒன்றிலிருந்து 2012இல் கண்டெடுத்தவரும் அத்தந்தையே. ஒரு குடும்பத்தின் கைவண்ணம் ஒரு குடும்பப் பெட்டியில் பிழைத்திருந்தது.

முடிச்சூர் இல்லத்திலும் அவ்வாறே நேர்ந்தது. அதுவரை முன்னுரைக் காட்சி தொடங்கியதுமே ஏதேனும் ஒரு விசையை அழுத்தி அதைத் தாண்டிவிடுவது சிறுவனின் வழக்கம். இசை திரும்பியதும், “கை வைக்காதே, கேட்போம்” என்றார் பாட்டி. எல்லோரும் இறுதிவரை அமர்ந்திருந்தோம். காட்சி முடிந்ததும் திரையில் வெற்றி பெற்றோர் பட்டியல் தோன்றியது. ஒரே ஒரு பெயர்; அருகில் எஞ்சிய நேரம்: நான்கு நிமிடங்கள்.

அப்பெயர் ஆட்டத்தோடு இருந்த ஒரு சிறு கோப்பில் பதிந்திருந்தது. புதிதாக இறக்கிய ஆட்டத்தில் இளவரசன் இருந்திருப்பான், இளவரசியும் இருந்திருப்பாள். அந்தப் பெயர் இருந்திராது.

தாய் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்துக்குப் பின் பேரனைப் பார்த்து, “உன் சித்தப்பாவுக்கு நான்கு நிமிடம் மிச்சம். உனக்கு எவ்வளவு மிஞ்சுகிறது, பார்ப்போம்” என்றார்.

சிறுவன் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டான்.