காணி எங்கே, உறுதி எங்கே? வடக்கே போக நினைக்கும் நம் குடும்பங்களுக்கு

பிரட்டுக்களத்திலும், கொழுந்து நிறுக்கும் இடத்திலும், டவுனுக்குப் போகும் பஸ்ஸிலும் சில மாதங்களாக ஒரே பேச்சு: "இனி இந்த மலையே வேண்டாம். வடக்கே போயிடலாம்." 2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. மலை சரிந்து மண் மூடிய லயங்களை நம்மில் பலர் நேரில் பார்த்தோம். அதற்குப் பிறகு, வடக்கு கிழக்கில் வந்து குடியேறலாம் என்ற அழைப்பும் அரசியல் மேடைகளில் கேட்டது. "சங்கம் என்ன சொல்கிறது?" என்று தோட்டத் தலைவர்களும் தலைவிமாரும் கேட்கிறார்கள். இந்த மாதப் பக்கத்தை அதற்காகவே ஒதுக்குகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். போக நினைப்பவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். நாட்சம்பளம் 1,550 ரூபா, வருகைக்கு 200 ரூபா, ஆக 1,750 ரூபா என்பது காகிதக் கணக்கு. மழையும் துண்டு வேலையும் போக மாதத்தில் 20 நாள் பேர் விழுந்தால் 35,000 ரூபா. நிறை குறைந்தால் அதுவும் இல்லை. இந்தப் பணத்தில் சேமலாப நிதி, கடைப்பற்று, பிள்ளையின் டியூஷன், மருந்து எல்லாம் போக மிஞ்சுவது என்னவென்று நம் சம்பளச் சிட்டைக்குத் தெரியும். தலைக்கு மேல் இருக்கும் கூரை தோட்டத்துக்குச் சொந்தம். காலுக்குக் கீழே இருக்கும் மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். இந்த நிலையில், "சொந்தமாக அரை ஏக்கர் கிடைக்கும்" என்ற சொல் ஒரு குடும்பத்தை எப்படி இழுக்கும் என்பது நமக்குப் புரியாதது அல்ல.

ஆனால் நம் ஜனம் வடக்கே போவது இது முதல் தடவை இல்லை. போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

மன்னார்க் கரைக்கும் நமக்கும் உள்ள உறவு இருநூறு வருடத்துக் கதை. தமிழ்நாட்டிலிருந்து படகில் வந்து அந்தக் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளைவரை நடந்துதான் நம் முன்னோர் மலையேறினார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்த நடையை நினைத்து 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரில் புறப்பட்டு ஓகஸ்ட் 12 இல் மாத்தளை வந்து சேர்ந்த பயணத்தில் நம் தோட்டங்களிலிருந்தும் பலர் நடந்தார்கள். 1964 ஒக்டோபரில் எழுதிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தபோது, தலைமன்னாரில் கப்பல் ஏறியதும் நம்மவர்கள்தான். வந்ததும் அந்தக் கரை வழி, போனதும் அந்தக் கரை வழி. இரண்டு பயணத்திலும் காணி என்ற வார்த்தை நம் கையில் இருக்கவில்லை.

எழுபதுகளில் மூன்றாவது பயணம் நடந்தது. 1972 காணிச் சீர்திருத்தம், 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமை ஆனது, இரண்டுக்கும் நடுவே பஞ்சம். மரவள்ளிக்கும் வழியில்லாமல் குடும்பங்கள் தோட்டத்தை விட்டு இறங்கின. 1977 கலவரம் இன்னும் பலரை விரட்டியது. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளில் போய் இறங்கினார்கள். டொக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தீயம் அமைப்பு பல குடும்பங்களைக் கைகொடுத்துக் குடியமர்த்தியது. அந்த நன்றியை நாம் மறக்கக் கூடாது. 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டொலர் பண்ணை, கென்ட் பண்ணை என்ற இடங்களில் குடியிருந்த நம்மவர்கள் 1984 இல் வெளியேற்றப்பட்டார்கள். அங்கே சிறைக்கைதிகளைக் கொண்டுவந்து இருத்தினார்கள். காட்டை வெட்டிக் கிணறு தோண்டியவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம், தருமபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். நம் சொந்தக்காரர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். படித்தவர்கள் இருக்கிறார்கள், கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நல்லதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆனால் குளத்து நீர் பாயும் வயல் பெரும்பாலும் முன்பே வந்தவர்களுக்கு என்று ஆகிவிட்டது. நம்மவர்களுக்கு மேட்டுக்காணியும் பிறர் வயலில் கூலியும்தான் மிஞ்சின. பல வருடம் குடியிருந்தும் அனுமதிப்பத்திரத்துக்கு அலைந்த குடும்பங்கள் பல. "தோட்டக்காட்டார்" என்ற சொல்லையும் அங்கே கேட்டு வளர்ந்திருக்கிறார்கள்.

மன்னார்ப் பக்கம் காணி பார்க்கப் போக வேண்டும் என்று இரண்டு தோட்டங்களிலிருந்து கேட்டபோது, பேச்சை நம்பாமல் நேரில் பார்ப்போம் என்று நாம் ஆறு பேர் போய் வந்தோம். மன்னாரிலிருந்து சிலாவத்துறை தாண்டி, வில்பத்துக் காட்டுக்கு வடக்கே, முசலிப் பிரதேசத்தின் கடலோரத்தில் இருக்கிறது முள்ளிக்குளம். தேயிலை பார்த்தே பழகிய கண்ணுக்கு அது வேறு உலகம். தட்டையான நிலம், பனை, பற்றைக்காடு, குளம், கொஞ்ச தூரத்தில் கடல். வெயில் நம்மை உருக்கி எடுத்துவிட்டது. "ஆள் இல்லாத நிலம் எவ்வளவு கிடக்குது!" என்று நம்மோடு வந்த ஒரு தம்பி வாய்விட்டே சொன்னார்.

அந்த ஊரின் கதையைக் கேட்ட பிறகு அவர் வாய் திறக்கவில்லை. அது வயலும் குளங்களும் கரைவலைப் பாடுகளும் உள்ள பழைய கத்தோலிக்க ஊர். 2007 செப்டெம்பரில் போர் நேரத்தில் சனங்களை எழுப்பி அனுப்பினார்கள். சில நாளில் திரும்பலாம் என்று நினைத்துத்தான் போயிருக்கிறார்கள். போர் 2009 இல் முடிந்தது. ஊருக்குள் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் வந்துவிட்டது. சனங்கள் பக்கத்திலே மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டுக்கொண்டு, தங்கள் சொந்த ஊரை வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். 2017 மார்ச்சில் பெண்கள் முன்னால் நிற்க, வாசலில் உட்கார்ந்தார்கள். இரவு பகலாக ஒரு மாதத்துக்கு மேல் இருந்த பிறகு, ஏப்ரல் 29 அன்று 100 ஏக்கர் விடுவதாகக் கடற்படை ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்ட பிறகும் வீடும் வயலும் முழுதாகக் கைக்கு வரவில்லை என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள்.

தேத்தண்ணி தந்த ஓர் அக்காவிடம் நாம் வந்த காரியத்தைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நீங்க வாறது எங்களுக்குச் சந்தோசம்தான். ஆனா காணி சும்மா கிடக்கு எண்டு ஆராவது சொன்னா, அது ஆற்ற காணி எண்டு முதல்ல கேளுங்கோ. எங்கட காணியையும் அப்பிடித்தான் சும்மா கிடக்கு எண்டு சொன்னவை."

அவர் சொன்னது முசலி முழுவதற்கும் பொருந்தும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்தப் பக்கத்து ஊர்களும் வெறிச்சோடின. இருபது வருடம் கழித்து அவர்கள் திரும்பி வந்தபோது அவர்கள் காணியில் காடு வளர்ந்திருந்தது. 2017 மார்ச்சில் மாவில்லுப் பேணற்காடு என்று வர்த்தமானி வந்தது. ஒரே துண்டு நிலத்துக்கு மீள வந்த குடும்பம் ஒரு பக்கம், வன இலாகா ஒரு பக்கம், படை ஒரு பக்கம். இதற்கு நடுவே நம்மைக் கொண்டுபோய் ஒருவர் இருத்தினால், நாம் யாருடைய அடுப்பின் மேல் நம் அடுப்பை வைக்கிறோம்? இடம் பறிபோன வலி தெரிந்த நாம் இன்னொருவர் இடத்தில் ஏறி உட்காரக் கூடாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். முள்ளிக்குளத்தாருக்கு ஊர் இருந்தது, தலைமுறைத் தலைமுறையாக இருந்த சாட்சி இருந்தது, பின்னால் மன்னார் மறைமாவட்டம் நின்றது. அவர்களுக்கே இத்தனை வருடம். வாய்ப்பேச்சை மட்டும் நம்பி மூட்டை கட்டிப் போகும் நமக்கு எத்தனை வருடம் ஆகும்?

வேலை, செலவு பற்றியும் விசாரித்தோம். மீன் மலிவு, விறகு கிடைக்கும், வீட்டு வளவில் ஆடு கோழி வளர்க்கலாம். இவை உண்மை. ஆனால் கடல் தொழில் பிறந்தது முதல் பழகுபவர்களின் தொழில். படகும் வலையும் இல்லாதவருக்குக் கரையில் கூலிதான். வயல் வேலை பெரும்போகத்தில் கிடைக்கும், கோடையில் பூமி வெடித்துவிடும். கொழுந்து பறித்தே பழகிய நம் பெண்களுக்கு வருடம் முழுக்க வேலை என்று யாரும் உறுதி சொல்லவில்லை. தோட்டத்தில் எவ்வளவு குறை இருந்தாலும் சேமலாப நிதி இருக்கிறது, பிரசவச் சகாயம் இருக்கிறது, கைக்குழந்தையை விடப் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. கூலி வேலையில் இவற்றை யார் தருவார்?

ஆகவே சங்கத்தின் நிலைப்பாடு இதுதான். போவது உங்கள் உரிமை. எந்த மாவட்டத்திலும் வாழும் உரிமை இந்த நாட்டுப் பிரஜைக்கு உண்டு. 1948 இல் பறித்த பிரஜாவுரிமையைப் போராடித் திரும்ப வாங்கியதே அதற்குத்தான். ஆனால் போகும் முன் நான்கு காரியத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, காணியின் எண்ணும் வரைபடமும் கேளுங்கள். அரச காணியா, தனியாருடையதா, வன இலாகாவுடையதா என்று அந்தப் பிரதேச செயலகத்தில் நேரில் விசாரியுங்கள். அரச காணி என்றால் அனுமதிப்பத்திரம் கைக்கு வராமல் குடிபோகாதீர்கள். அந்தப் பத்திரத்துக்கும் நிபந்தனை உண்டு. குடியிருக்காமல், பயிர் செய்யாமல் விட்டால் ரத்தாகும், அனுமதி இல்லாமல் விற்கவும் முடியாது.

இரண்டு, மனைவியின் உரிமையையும் எழுத்தில் வையுங்கள். உழைத்தது இரண்டு பேர், பத்திரம் ஒருவர் பெயரில் என்றால், நாளைக்குக் கஷ்டப்படுவது அவரும் பிள்ளைகளும்தான்.

மூன்று, தோட்டத்தில் வரவேண்டியதை விட்டுப் போகாதீர்கள். ஐந்து வருடம் வேலை முடித்தவருக்கு 1983 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேர வேண்டும். 20 வருடம் பேர் போட்டவருக்கு அது 280 நாள் சம்பளம். சொல்லாமல் கொள்ளாமல் இரவோடு இரவாகப் போனவர்கள் இந்தப் பணத்துக்குப் பிறகு அலைந்ததை நாம் பார்த்திருக்கிறோம். எழுத்தில் விலகுங்கள், பிரதியைச் சங்கத்தில் கொடுங்கள்.

நான்கு, குடும்பம் முழுவதும் ஒரே நாளில் கிளம்ப வேண்டாம். ஒருவர் போய் ஒரு மாரியும் ஒரு கோடையும் பார்க்கட்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், ஆஸ்பத்திரிக்கு பஸ் உண்டா என்று பார்க்கட்டும். அதுவரை இங்குள்ள காம்பராவையும் பேரையும் விடாதீர்கள்.

அரசாங்கத்துக்கும் கம்பனிகளுக்கும் அழைப்பு விடுக்கும் தலைவர்களுக்கும் நாம் சொல்ல வேண்டியதும் உண்டு. வடக்கே காணி என்ற பேச்சு, மலையில் காணி என்ற நம் கோரிக்கையை மூடும் போர்வையாகக் கூடாது. இந்த மலையைக் காட்டிலிருந்து தோட்டமாக்கியவர்களுக்கு, மண்சரிவு இல்லாத பாதுகாப்பான இடத்தில், வீடு கட்டவும் தோட்டம் போடவும் போதுமான காணி, உறுதியோடு வேண்டும். அது கிடைத்த பிறகும் ஒருவர் வடக்கே போக விரும்பினால் அது தெரிவு. அது கிடைக்காததால் போனால் அதற்குப் பெயர் விரட்டல். அழைப்பவர்கள் உண்மையாகவே அழைப்பதானால், எந்தப் பிரதேச செயலகத்தில், எத்தனை ஏக்கர், எந்தக் குளத்துத் தண்ணீர், யாருக்கும் வழக்கில்லாத நிலமா என்று எழுத்தில் வைக்கட்டும். நாமும் உட்கார்ந்து பேசத் தயார்.

முள்ளிக்குளத்திலிருந்து திரும்பும்போது அந்த அக்கா வேலிவரை வந்து வழியனுப்பினார். "வாறதெண்டா தனியத் தனிய வராதேங்கோ. சேர்ந்து வாங்கோ" என்றார். வாசலில் சேர்ந்து உட்கார்ந்ததால்தான் 100 ஏக்கருக்காவது வழி பிறந்தது என்பதை அவர் அனுபவித்தவர். போக நினைக்கும் குடும்பங்கள் தோட்டத் தலைவரிடம் பெயரைக் கொடுங்கள். அடுத்த மாதச் சந்தாக் கூட்டத்தில் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காருவோம். இருப்பதானாலும் சேர்ந்து இருப்போம், போவதானாலும் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு சேர்ந்து போவோம்.