மண்டூருக்கு எட்டாத குடும்ப வாகனம்

2020 மார்ச்சில், கொரோனாத் தொற்றும் அந்நியச் செலாவணி நெருக்கடியும் ஒருசேர வந்த வேளையில் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை, ஏறத்தாழ ஐந்தாண்டுகளின் பின்னர் 2025 பெப்ரவரி முதலாம் திகதி தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கும் நீக்கப்பட்டது. அவ்வாண்டில் மாத்திரம் வாகன இறக்குமதிக்காக நாடு செலவிட்ட தொகை நூறு கோடி டொலரைத் தாண்டியது. துறைமுகத்தில் புத்தம் புதிய வாகனங்கள் வரிசையாக இறக்கப்படும் படங்கள் பத்திரிகைகளை அலங்கரித்தன. அரச வருமானம் பெருகியமை குறித்து நிதியமைச்சு திருப்தி கொண்டதிலும் தவறில்லை. ஆயினும் இவ்வாகனங்கள் எவருடைய முற்றத்துக்குச் சென்றன என்ற வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், போரதீவுப்பற்றில் உள்ள மண்டூரிலிருந்து பார்க்கும்போது அவ்வினாவுக்கு வேறொரு கனம் ஏற்படுகின்றது.

மண்டூரின் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவில் வருவது சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் முருகன் ஆலயமும், ஆவணிப் பூரணைத் தீர்த்தமுமே. அத்திருவிழா நாட்களில் குருமண்வெளித் துறையில் பாதைக்காகக் காத்து நிற்கும் கூட்டத்தைக் கண்டவர்கள், ஆண்டின் எஞ்சிய நாட்களில் அக்கரை மக்கள் எவ்வாறு போய் வருகின்றார்கள் என்பதைச் சிந்திப்பதில்லை. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் வாவியின் அகலம் பெரிதன்று. ஆனால் பாதையில் ஏறி வாவியைக் கடப்பவர்கள் பெரும்பாலும் நடந்து வருவோரும் மோட்டார் சைக்கிளில் வருவோருமே. காரிலோ வானிலோ செல்வதாயின் வெல்லாவெளி, போரதீவு வழியாகச் சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிக்குடியை அடைதல் வேண்டும். தெற்கே கல்முனைக்குச் செல்வோர் நாவிதன்வெளியைக் கடந்து கிட்டங்கித் தாம்போதியை நம்ப வேண்டும். மாரியில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும் நாட்களில் அவ்வழியும் அடைபட்டு விடும்.

இத்தகைய ஓர் ஊரில் நான்கு அல்லது ஐந்து பேர் கொண்ட குடும்பம் எதில் பயணிக்கின்றது? மோட்டார் சைக்கிளின் எண்ணெய்த் தாங்கியின் மீது ஒரு பிள்ளை, பின்னால் தாய், அவர்களுக்கிடையில் இன்னொரு பிள்ளை. இக்காட்சி நமது கண்களுக்குப் பழகிப்போய்விட்டது. பழகிப்போனமையே இதன் கொடுமை. சற்று வசதியானோர் முச்சக்கரவண்டி வைத்திருப்பர். வயலும் வாய்க்காலும் உள்ளோருக்கு உழவு இயந்திரம். நெல் மூட்டை ஏற்றும் அதன் பெட்டியிலேயே கோயிலுக்கும், மரண வீட்டுக்கும், பரீட்சைக்கும் மனிதர்களும் ஏற்றப்படுகின்றனர்.

அப்பெட்டி பயணிகளுக்கு உரியதன்று என்பதை 2024 நவம்பர் 26 ஆம் திகதி முழு நாடும் கண்ணீருடன் அறிந்துகொண்டது. நிந்தவூரில் உள்ள மத்ரஸாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள் பயணித்த உழவு இயந்திரம், காரைதீவு மாவடிப்பள்ளியில் வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளத்தினால் அடித்துச் செல்லப்பட்டது. அந்த இளஞ் சிறார்களின் ஜனாஸாக்களைச் சுமந்த ஊர்களுக்கும், வெல்லாவெளி வீதியில் நீர் ஏறும்போது அதே வகை இயந்திரத்தில் ஏறும் மண்டூர்ப் பிள்ளைகளுக்கும் இடையில் சமய வேறுபாடு உண்டே தவிர, ஆபத்தில் வேறுபாடில்லை. அன்று ஒரு கார் நின்றிருந்தால் அதுவும் வெள்ளத்தைக் கடந்திருக்காது என்பது உண்மையே. வீதியும் பாலமும் இல்லாத இடத்தில் எந்த வாகனமும் காப்பாற்றாது. எனினும் மாரி முழுவதும், கோடை முழுவதும் மனிதர்களை மூட்டைகளாக ஏற்றிச் செல்லும் வழக்கம் ஏன் நிலைத்தது எனக் கேட்டால், வேறு வாகனம் கைக்கெட்டாதிருந்தது என்பதே விடை.

இலங்கையின் கிராமப்புறக் குடும்பத்துக்கு உகந்த வாகனம் எதுவென்பதை எவரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் ஜப்பானிலிருந்து மீள்சீரமைக்கப்பட்டு வந்த சிறிய பெற்றோல் ஸ்டேஷன் வேகன்கள் அதனை நிரூபித்துக் காட்டின. டொயோட்டா கொரோலா வேகனும், பின்னர் நிசான் ஏ.டி. வேகனும், 2002 இல் ஜப்பானில் அறிமுகமான புரொபொக்ஸும் கிழக்கின் வீதிகளில் இன்னமும் ஓடுகின்றன. முன்னால் இருவர், பின்னால் மூவர், அவர்களுக்குப் பின்னால் இரண்டு மூட்டை நெல்லோ மருதமுனைக் கைத்தறிச் சேலைக் கட்டுகளோ மீன் பெட்டிகளோ வைக்கக்கூடிய தட்டையான இடம். பின் இருக்கையை மடித்தால் நோயாளியைப் படுக்க வைத்தும் கொண்டு செல்லலாம். எஞ்சினும் சிக்கலற்றது. களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ உள்ள சாதாரண கராஜில் திருத்திவிடக் கூடியது. அழகில் குறைந்ததென முகம் சுழிப்போர் உண்டு. அவர்கள் அறுவடை நடக்கும் ஊரில் வாழ்வோர் அல்லர்.

அரசும் இதனை அறியாததன்று. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் இரட்டைப் பயன்பாட்டு வாகனம் என்ற தனி வகையே உண்டு. ஆட்களையும் பொருட்களையும் ஒருங்கே ஏற்றும் வாகனம் ஒரு தேவை என்பதற்கான ஒப்புதல் அது. ஆனால் வரி விதிக்கும் மேசையில் அந்த ஒப்புதல் மறைந்துவிடுகின்றது.

வரியின் கட்டமைப்பைச் சற்று விரிவாக நோக்குவது அவசியம். 2025 இல் இறக்குமதிப் பெறுமதியின் மீது 20 வீதச் சுங்கத் தீர்வை விதிக்கப்பட்டது. அவ்வாண்டில் அத்தீர்வையின் மீது மேலும் 50 வீத மேலதிகக் கட்டணம் விதிக்கப்பட்டமையால், தீர்வை மாத்திரமே 30 வீதமாயிற்று. அதன் மேல் எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டு கணிக்கப்படும் கலால் வரி. பெறுமதி ஓர் எல்லையைத் தாண்டினால் ஆடம்பர வரி. தீர்வையையும் கலால் வரியையும் சேர்த்த தொகையின் மீது 18 வீதப் பெறுமதி சேர் வரி. வரிக்கும் வரி கட்டும் இம்முறையில் மிகவும் கவனிக்கப்பட வேண்டியது கலால் வரியே. 1000 கன சென்றிமீற்றருக்கு உட்பட்ட எஞ்சினுக்கு ஒரு வீதம், அதனைத் தாண்டினால் படிப்படியாகக் கூடிய வீதம் எனப் பிரிக்கப்பட்டுள்ளதால், ஏறத்தாழ 1500 கொள்ளளவுள்ள எளிய வேகன் மேற்படிக்குத் தள்ளப்படுகின்றது. அதேவேளை டர்போ பொருத்திய 1000 கொள்ளளவு எஞ்சினுடன் வரும், தோரணையில் ஜீப்பை ஒத்த நகரப்புற வாகனங்கள் கீழ்ப்படியில் அமர்ந்துகொள்கின்றன. வரிச் சட்டத்தின் கண்ணுக்கு எஞ்சின் தெரிகின்றது. ஏறுவோரின் தொகையும், ஏற்றும் சுமையும், வாங்குவோரின் வருமானமும் தெரிவதில்லை.

கீழ்ப்படியில் எஞ்சும் மலிவான தெரிவு 660 கொள்ளளவுள்ள வேகன் ஆர் வகைக் கார். பெயரில் வேகன் இருந்தாலும் இது உயரம் கூடிய சிறிய காரே. ஜப்பானின் கெய் வாகன விதிப்படி 3.4 மீற்றர் நீளத்துக்குள் அடக்கப்பட்டது. பெற்றோலைச் சிக்கனமாகக் குடிக்கும், நகரத்துக்கு மிகப் பொருந்தும். ஐந்து பேரும் இரண்டு மூட்டையும் இதற்கு அதிகம். ஆயினும் 2025 இல் இறக்குமதியான இவ்வகைக் கார்களே 60 இலட்சம் ரூபாவைத் தாண்டியே விற்பனையாகின.

இத்தொகையை மண்டூரின் கணக்கில் பார்ப்போம். 2025 பெப்ரவரியில் அரசு நிர்ணயித்த நாட்டு நெல்லின் உத்தரவாத விலை கிலோவுக்கு 120 ரூபா. 60 இலட்சம் ரூபாவுக்கு 50,000 கிலோ, அதாவது 50 தொன் நெல் விற்க வேண்டும். ஏக்கருக்கு இரண்டு தொன் விளைந்தாலும் அது 25 ஏக்கரின் முழு விளைச்சல். உழவுக்கூலி, விதை, பசளை, அறுவடை இயந்திர வாடகை, வீட்டுச் சோறு எதையுமே கழிக்காத கணக்கு இது. இரண்டு ஏக்கரும் மூன்று ஏக்கரும் செய்கின்ற குடும்பத்துக்கு இதன் பொருள் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு அரச தரப்பில் கூறப்படும் மறுமொழி நியாயமற்றதென்று தள்ளிவிடவும் முடியாது. 2015 ஜனவரியில் சமர்ப்பிக்கப்பட்ட இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் 1000 கொள்ளளவுக்கு உட்பட்ட கார்களின் வரி குறைக்கப்பட்டபோது, சிறிய கார்கள் வெள்ளமாக வந்திறங்கின. செலாவணிக் கையிருப்பு அழுத்தத்துக்குள்ளாயிற்று. 2018 ஓகஸ்ட்டில் அதே சிறிய கார்களின் வரி உயர்த்தப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் நாணயக் கடிதங்களுக்கான வைப்புத் தொகையும் கூட்டப்பட்டது. திறப்பது, பயந்து மூடுவது, மீண்டும் திறப்பது. இந்த ஊசலாட்டத்தில் இலாபமடைந்தவர்கள் முன்கூட்டியே பணம் வைத்திருந்தவர்களே. இறக்குமதி முற்றாக நிறுத்தப்பட்டிருந்த 2022 ஏப்ரலிலேயே நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது என்பதையும் இங்கு மறக்கலாகாது. டொலரைத் தின்றது சிறிய கார் மாத்திரமன்று.

அயல்நாடான இந்தியா 2025 செப்டெம்பர் 22 ஆம் திகதி செய்ததை நம் நிதியமைச்சு ஆராய்வது பயனுள்ளது. 4 மீற்றருக்கு உட்பட்ட நீளமும் 1200 கொள்ளளவுக்கு உட்பட்ட எஞ்சினும் கொண்ட பெற்றோல் கார்களைத் தனி வகையாக வரையறுத்து, அவற்றின் மீதான சரக்கு மற்றும் சேவை வரியை 28 இலிருந்து 18 வீதமாக அங்கு குறைத்தார்கள். இந்தியா வாகனத்தை உற்பத்தி செய்யும் நாடு, நாமோ டொலர் கொடுத்து வாங்கும் நாடு. ஆகவே வீதங்களை அப்படியே பின்பற்ற முடியாது. ஆனால் சிறிய குடும்ப வாகனம் எது என்பதைச் சட்டத்தில் வரையறுக்கும் துணிவைப் பின்பற்றலாம். எஞ்சினை மாத்திரம் அளக்காது, நீளத்தையும் இறக்குமதிப் பெறுமதியின் உச்ச எல்லையையும் சேர்த்து அளந்தால், எளிய வேகன் உள்ளே வரும், டர்போ பூட்டிய ஆடம்பரம் வெளியே நிற்கும். மொத்த டொலர் ஒதுக்கீட்டைக் கூட்டாமலேயே அதனுள் ஒரு பங்கை இவ்வகைக்கு வகுத்தளிக்கவும் முடியும்.

கடன் விடயமும் சிக்கலானதே. வாகனத்தின் பெறுமதியில் எத்தனை வீதத்தை லீசிங் கடனாக வழங்கலாம் என்பதை மத்திய வங்கி வரையறுத்துள்ளது. எஞ்சியதைக் கையில் வைத்திருப்போரே வாங்கலாம். கிடைக்கும் கடனுக்கும் மாதந்தோறும் தவணை. வருடத்தில் இரு தடவை மாத்திரம், பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் பணம் காணும் விவசாயிக்கு மாதத் தவணை பொருந்தாத சட்டை. மூன்று தவணை தவறினால் வாகனத்தைத் தூக்கிச் செல்ல ஆட்கள் வருவார்கள். வட்டியை விலக்கி வாழ விரும்பும் முஸ்லிம் குடும்பங்களுக்காக இஜாரா, முறாபஹா முறைகள் நாட்டில் நடைமுறையில் உள்ளன. சொத்தை நிறுவனம் வாங்கி வாடகைக்கு அல்லது இலாபத்துக்கு விடும் இம்முறைகளில் அறுவடைக்கு ஏற்பத் தவணையை அமைப்பது கடினமன்று. தமிழ் விவசாயிக்கும் அது உதவும்.

வாகனமே தீர்வன்று, பஸ்ஸை ஒழுங்காக ஓட விட்டால் போதும் என்று கூறுவோருடன் நாம் பெருமளவு உடன்படுகின்றோம். பாடசாலை விடும் நேரத்துக்கும் வைத்தியசாலைக் கிளினிக் முடியும் நேரத்துக்கும் பொருந்தும் பஸ் சேவை எந்தக் காரையும் விட மலிவானது. ஆனால் இரவு பத்து மணிக்குப் பிரசவ வலி கண்ட பெண்ணுக்குப் பஸ் இல்லை. 1990 இலக்க சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவை பெரும் ஆறுதலே. அது உயிராபத்துக்கு உரியது. முதியவரை மாதாந்தக் கிளினிக்குக்கும், பிள்ளையை மாலை வகுப்புக்கும், மரக்கறியைச் சந்தைக்கும் அது கொண்டு செல்லாது.

பெற்றோல் விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2022 ஜூனில் லீற்றர் 470 ரூபாவாக உயர்ந்ததையும், பின்னர் கியூஆர் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என அளந்து கொடுத்ததையும் எவரும் மறக்கவில்லை. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் சிறிய வேகனுக்கு அந்த 20 லீற்றரே வாரத்துக்கு 300 கிலோமீற்றர். மண்டூர்க் குடும்பத்தின் தேவைக்கு அது தாராளம். பெரிய வாகனங்களுக்கே அது பஞ்சமாயிற்று.

2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது, பாதைக்காகக் காத்திருந்த காலம் அங்கு முடிவடைந்து, படுவான்கரையின் வடபகுதியிலிருந்து ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் சில நிமிடங்களில் செல்ல முடிந்தது. குருமண்வெளித் துறையிலும் அவ்வாறானதொரு பாலம் அமையும்வரை, மண்டூரிலிருந்து களுவாஞ்சிக்குடிக்கு நோயாளியைக் காரில் கொண்டு செல்பவர் பட்டிருப்பைச் சுற்றியே செல்ல வேண்டும், அந்தக் கார் அயலவரிடம் இரவல் வாங்கியதாக இருந்தாலும்.